ஏழு தலைமுறைக்கு விசாரித்தவர்

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அடுத்த வாரமே யாராவது, "எந்த ஊர், யாருடைய மகள்?" என்று கேட்டு எனக்குத் தொலைபேசி எடுப்பார்கள். அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரே ஒருவருக்குத்தான் இருந்தது. அவர் பாரிஸை விட்டுப் போய்ப் பல வருஷமாகிறது. அவர் உட்கார்ந்திருந்த கடையில் இப்போது கைப்பேசி உறைகள் விற்கிறார்கள். அங்கே யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை.

ரூ லூயி-பிளாங் என்ற தெருவில் அது தொலைபேசி அட்டைக் கடை. விமான டிக்கெட்டும் போட்டுக் கொடுப்பார்கள். கல்லாவுக்குப் பின்னால் உயரமான முக்காலியில், சேலைக்கு மேல் ஆண்கள் போடும் கனத்த குளிர்ச்சட்டையோடு அவர் இருப்பார். நான் பாண்டிச்சேரிக்காரன். மேரி என்று நாங்கள் சொல்லும் நகரமன்றம் ஒன்றில் முப்பத்தாறு வருஷம் பிறப்பு, திருமணம், இறப்பு எழுதும் மேசையில் இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு மனிதனைப் பற்றி அரசாங்கம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக்கூடாது, எந்தச் சான்று எத்தனை மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம்.

2009 தொடக்கத்தில் பாண்டிச்சேரிக்குப் பேச ஓர் அட்டை வாங்கப் போனேன். அட்டை என் கைக்கு வருவதற்குள், அப்பா பிறந்த தெரு, அம்மா வழியில் சைகோனுக்குப் போனவர்கள், எனக்கு ஞானஸ்நானம் கொடுத்த கோவில், அந்தக் கோவிலில் எங்கள் குடும்பம் எந்தப் பக்கம் உட்காரும் என்பது வரை என்னிடமிருந்து வாங்கிவிட்டார். கடைசிக் கேள்வி எதற்கு என்று எனக்குத் தெரியும். எங்கள் பக்கத்துக் கோவில்கள் சிலவற்றில் ஒரு காலத்தில் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் நடுவே சுவரே இருந்தது.

"மதாம், பிரெஞ்சுச் சட்டப்படி இந்தக் கேள்வியெல்லாம் கேக்கக் கூடாது," என்றேன்.

"நான் சட்டத்தைக் கேக்கேல்லை மிசியே. உங்களைத்தான் கேட்டனான்."

அவர் எல்லோரையும் கேட்டார். தெரு கூட்ட வரும் மாலி நாட்டுக்காரரிடம் தன் உடைந்த பிரெஞ்சில் தாயின் ஊரைக் கேட்டார். அந்த மனிதர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, பாட்டன், பூட்டன், அவர்கள் எந்த வம்சத்தில் பெண் எடுப்பார்கள், எந்த வம்சத்தில் எடுக்கமாட்டார்கள் என்று கால் மணி நேரம் சொன்னார். இந்த நாட்டுக்கு வந்து பதினெட்டு வருஷத்தில் தன்னை ஒழுங்காக விசாரித்த முதல் ஆள் இவர்தான் என்று என்னிடம் பிறகு சொன்னார். கடையின் உரிமப் பத்திரம் பார்க்க வந்த பொலிஸ்காரர், பத்திரத்தைப் பார்க்காமலே தன் பாட்டியின் ஊரைப் பற்றிப் பேசிவிட்டுப் போன நாளும் உண்டு.

"கேக்காமல் விட்டால் அந்த ஆளை நாங்கள் கணக்கிலை எடுக்கேல்லை எண்டு அர்த்தம்," என்பார்.

கேட்பதாலும் ஆட்கள் கணக்கிலிருந்து விழுவார்கள் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. யாழ்ப்பாணத்தில் விசாரணை என்று ஒன்று உண்டு. சம்பந்தம் பேசுமுன் மற்ற வீட்டைப் பற்றி அக்கம்பக்கத்தில் கேட்டறிவது. படிப்பு, குணம், நோய், கடன் எல்லாம் கேட்பார்கள். உண்மையில் கேட்பது ஒன்றைத்தான். அதை வாய்விட்டுச் சொல்லாமல் சுற்றி வந்து பிடிப்பதுதான் அந்த வித்தை. இவர் அதில் பேர் போனவர் என்று கடைக்கு வந்து போகிறவர்கள் மரியாதையோடும் கொஞ்சம் பயத்தோடும் சொன்னார்கள். எனக்கும் அவரைப் பிடித்திருந்தது. பிடித்திருப்பது சரிதானா என்ற சந்தேகமும் கூடவே இருந்தது.

அந்த வருஷம் மே மாதம் ஈழத்தில் போர் முடிந்த பிறகு, அட்டை வாங்க வந்தவர்கள் கடைக்குள் நின்றபடியே அழுதார்கள். முள்வேலி முகாம்களில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று யாருக்கும் தெரியவில்லை. நான் என் பங்குக்குப் படிவங்கள் நிரப்பிக் கொடுத்தேன். பெயர், தகப்பன் பெயர், பிறந்த தேதி. ஒரே பெயரில், ஒரே தகப்பன் பெயரில் எத்தனையோ பேர் இருந்தார்கள். பதில்கள் வரவில்லை, அல்லது தவறான ஆளைப் பற்றி வந்தன.

அவர் படிவத்தைத் தொடவில்லை. ஓபெர்வில்லியேயிலிருந்து வந்த ஒருவரிடம், "உங்கடை வீட்டுக்குப் பின்னாலை ஆற்றை வளவு?" என்று, பின்னாலிருக்கும் காணியும் வீடும் யாருடையது என்று கேட்டார். அந்தப் பின்வளவுக்காரரின் மருமகள் எந்த முகாமில் என்பது அவருக்கு முந்தின நாளே வேறொரு அழைப்பில் தெரிந்திருந்தது. அவளைப் பிடித்து, அவள் வழியாக அடுத்த வரிசைக் கூடாரத்தில் கேட்கச் சொன்னார். நான்கு நாளில் அந்த மனிதரின் தாய் பேசினார். கடை முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தது.

"படிவத்துல பின்வளவுக்குக் கட்டம் கிடையாது மதாம்," என்றேன்.

"அதுதான் உங்கடை படிவம் ஆளைக் கண்டுபிடிக்காது."

அடுத்த வருஷம் அவர் வீட்டிலேயே ஒரு விசாரணை வந்தது. அவருடைய கணவர் காலமாகி வெகுகாலம். ஒரே மகள் மதுரா, பாரிஸில் பிறந்தவள், காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் வேலை. தாய் தமிழில் கேட்டால் மகள் பிரெஞ்சில் பதில் சொல்வாள். அவள் எரிக் என்ற பையனைக் கல்யாணம் செய்யப்போவதாகச் சொன்னாள். பிறந்தது பாரிஸில். தகப்பன் நோர்வேக்காரர், அதிகம் பேசாமல் வாழ்ந்து, அதிகம் சொல்லாமல் இறந்துபோனவர். தாய் அயர்லாந்துக்காரி, துலூஸில் ஆங்கிலம் கற்பிக்கிறார்.

மதுராவுடைய தாயின் அண்ணன் எபினே-சூர்-செய்ன் என்ற புறநகரில் மளிகைக் கடை வைத்திருந்தார். தகப்பன் இல்லாத பெண்ணின் கையை மாப்பிள்ளையின் கையில் வைத்துத் தண்ணீர் விட்டுக் கொடுக்க வேண்டியவர் அந்த மாமன்தான். தாரை வார்ப்பது என்பார்கள். அவர் வந்து நின்றால் அது சபையறிந்த கல்யாணம். வராவிட்டால் பெண் ஓடிப்போனதற்குச் சமம் என்று எபினேயிலிருந்து டொரோண்டோ வரை பேசுவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த அண்ணன் கடைக்கு வந்தார். நான் டிக்கெட் கேட்கிற சாக்கில் உட்கார்ந்திருந்தேன்.

"வெள்ளையாம்," என்றார்.

"ஓம் அண்ணை."

"ஆற்றை பொடியன்? தேப்பன் ஆர்? தேப்பன்ரை தேப்பன் ஆர்? ஊரிலை ஒரு சம்பந்தமெண்டால் மூண்டு ஊர் சைக்கிள் மிதிச்சு விசாரிச்சவள் நீ. இண்டைக்கு உன்ரை பெட்டைக்கு மட்டும் ஆரெண்டு தெரியாத ஒருத்தன் போதுமோ?"

"விசாரிக்கலாம்."

"வெள்ளையை எங்கை போய் விசாரிப்பாய்? எய்ஃபல் கோபுரத்திலை ஏறி நிண்டு கேப்பியோ?" அவர் சிரித்தார். "சரி, ஏழு தலைமுறை விசாரிச்சுக்கொண்டு வா. வந்தால் நான் வந்து தாரை வார்க்கிறன். இல்லாட்டில் மேரியிலை கையெழுத்தை வைச்சிட்டு, பீட்சா திண்டுட்டுப் போங்கோ."

அவர் குத்துவதற்காகச் சொன்னார் என்பது வாசலில் நின்றவர்களுக்குக்கூடத் தெரிந்தது. இவர் அதை ஒப்பந்தமாக எடுத்துக்கொண்டார்.

"மிசியே, நீங்கள் சாட்சி," என்றார் என் பக்கம் திரும்பி.

அண்ணன் போனதும் மதுரா பிரெஞ்சில் வெடித்தாள். மாமா உன்னை அவமானப்படுத்தத்தான் அப்படிச் சொன்னார், உனக்குப் புரியவில்லையா, எரிக் என்ன சந்தையில் வாங்கும் மாடா என்று கேட்டாள்.

"எனக்கு நல்லாய் விளங்கினது," என்றார் தாய். "விளங்கினபடியால்தான் செய்யப்போறன். ஊர்ப் பொடியன் எண்டால் விசாரிப்பம், வெள்ளையெண்டால் வாயை மூடிக்கொண்டு குடுப்பமோ? அவனுக்கென்ன, கொம்போ?"

நான் ஒரு நீலக் கோப்பு வாங்கினேன். எனக்கு நன்றாகத் தெரிந்த வேலை. எரிக்கின் பிறப்புப் பதிவின் முழு நகல், அதிலிருந்து பெற்றோரின் திருமணப் பதிவு, அதிலிருந்து அவர்கள் பிறந்த இடங்கள். எரிக்கின் குடும்பப் பெயர் ஊல்சன். வடக்கு நோர்வேயின் ஆவணக் காப்பகத்துக்கு ஊல்சன்களைக் கேட்டு மரியாதையான ஆங்கிலத்தில் கடிதங்கள் எழுதினேன். அவர்களும் மரியாதையாக ஊல்சன்களை அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். நான்கு மாதத்தில் கோப்பு தடித்தது. எரிக்கின் பாட்டனாருக்கு மேலே ஒரு படிகூட ஏற முடியவில்லை.

அவர் கோப்பைப் புரட்டினார். "ஊல்சன் எண்டால் என்ன மிசியே?"

"குடும்பப் பேரு."

"ஒஸ்லோவிலை எங்கடை ஆள் ஒருத்தரைக் கேட்டனான். ஊலே எண்டவன்ரை மகன் எண்டு அர்த்தமாம். அந்த நாளிலை தேப்பன்ரை பேரைத்தான் பின்னாலை போட்டவையாம். அப்ப தேப்பன்ரை தேப்பனுக்கு வேறை பேரெல்லோ இருந்திருக்கும்? பிள்ளையின்ரை முதலெழுத்தை வைச்சுக்கொண்டு பூட்டனைத் தேடுற மாதிரியெல்லோ தேடியிருக்கிறியள்."

முப்பத்தாறு வருஷம் தமிழர்களின் தகப்பன் பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் எழுதி, மகனுக்கும் அப்பாவுக்கும் வேறுவேறு குடும்பப் பெயர் வந்து, அதை நானே திருத்திக் கொடுத்திருக்கிறேன். வெள்ளைக்காரன் என்றதும் பெயர் மாறாது என்று நம்பியது என் புத்தி. அன்று அதை அவரிடம் ஒப்புக்கொள்ளவில்லை. இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

"நீங்கள் பேரைத் தேடுறியள். நான் வளவைத் தேடுறன்," என்றார்.

வளவு அமெரிக்காவில் கிடைத்தது. மதுரா, கோபம் ஆறாமலே, இணையத்தில் ஒரு பக்கத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தாள். எரிக்கின் பூட்டனாருக்கு ஒரு தம்பி மின்னசோட்டாவுக்குக் கப்பலேறியிருந்தார். அந்தத் தம்பியின் பேத்தி, எண்பது வயதுப் பெண்மணி, வம்சாவளி எழுதி வைத்திருந்தார். இவர் மூன்று அட்டைகளை அடுக்கி வைத்துக்கொண்டு எண்ணை அழுத்தினார். யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூட ஆங்கிலத்தில், "நான் பொம்பிளை வீட்டுக்காரி" என்பதை எப்படிச் சொன்னாரோ தெரியாது, இரண்டு மணி நேரம் பேசினார்கள். அந்த அம்மாளிடம் தாத்தா ஊருக்கு எழுதி, அனுப்பாமல் விட்ட ஒரு கடிதம் இருந்தது. அதில் அவர்கள் வாழ்ந்த பண்ணையின் பெயர் இருந்தது. இருந்த இடத்தின் பெயரை ஆட்களும் வைத்துக்கொள்வார்களாம், இடம் மாறினால் பெயரும் மாறுமாம். இவர் ஆச்சரியப்படவில்லை. யாழ்ப்பாணத்தில் காணி உறுதிப் பத்திரத்தில் ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் ஒரு பெயர் உண்டு. ஆளை அடையாளம் சொல்வதும் அந்தப் பெயரால்தான்.

நோர்வேயில் வட்டாரத்துக்கு வட்டாரம், எந்தப் பண்ணையில் எந்தத் தலைமுறையில் யார் இருந்தார்கள் என்று புத்தகமே போட்டு வைத்திருக்கிறார்கள். ஒரு நாடே அவருக்காக விசாரித்து அச்சடித்து வைத்தது போல. ஆனால் அந்தப் புத்தகம் அந்த ஊர் நூலகத்தில்தான் இருந்தது. வாசிக்க மொழி தெரிந்த ஆள் வேண்டும். கரையோரத்தில் மீன் வெட்டும் தொழிற்சாலைகள் இருந்த சின்ன ஊர் அது. அங்கே ஒரே ஒரு தமிழர் இருந்தார்.

மூன்று வாரம் இவர் அந்த ஆளின் எண்ணை அழுத்தவில்லை. வேறு ஆள் கிடைக்குமா என்று ஒஸ்லோ, பெர்கன் எல்லாம் கேட்டுப் பார்த்தார். பிறகு ஒரு காலையில் கடை திறந்த கையோடு என்னை உட்காரச் சொல்லிவிட்டு எடுத்தார். தொலைபேசி இரைந்து பேசும் ரகம். எதிர்முனையும் எனக்குக் கேட்டது. தன் பெயரைச் சொன்னார்.

"சொல்லுங்கோ அக்கா," என்றது ஓர் ஆண் குரல்.

"ஒரு விசாரணை."

"விசாரணையோ." அந்தக் குரல் சிரித்தது. "ஆருக்கு?"

"என்ரை மகளுக்கு. மாப்பிள்ளையின்ரை தேப்பன் வழி உங்கடை ஊர்ப் பக்கம்."

"அக்கா, நீங்கள் ஆரிட்டைக் கேக்கிறியள் எண்டு விளங்குதோ?"

"விளங்குது. வேறை ஆள் கிடைக்குமோ எண்டு பாத்தனான். கிடைக்கேல்லை. அதுதான் உங்களைக் கேக்கிறன்."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்கும் முகமாக அது இல்லை.

"சரி, பாக்கிறன்," என்றது குரல். "ஆனா கண்டதெல்லாம் சொல்லுவன். எதையும் மறைக்கமாட்டன்."

"மறைச்சால் அது விசாரணை இல்லை."

வைத்தபின் என்னிடம் சொன்னார். இவருடைய தங்கையும் அந்த மனிதரும் ஊரில் ஒருவரையொருவர் விரும்பியிருந்தார்கள். படித்த பையன், நல்ல வேலை. வீட்டில் பாதி சம்மதம். அண்ணன் இவரை விசாரிக்க அனுப்பினார். இவர் போய்வந்து ஒரே வசனம் சொன்னார்: "அவை வேறை ஆக்கள்." அதோடு முடிந்தது. அந்த மனிதர் அந்த வருஷமே நோர்வேக்குப் போனார். தங்கை பிறகு வேறொருவரைக் கட்டிக்கொண்டு டொரோண்டோவில் இருக்கிறார். அக்காவோடு அளவாகத்தான் பேசுவார்.

"செய்தது தப்புன்னு எப்ப தோணிச்சு மதாம்?"

"அண்டைக்கே தெரியும் மிசியே. தெரிஞ்சுகொண்டுதான் சொன்னனான்."

"அப்புறம் ஏன்?"

"கெட்டிக்காரி எண்டு அண்ணை சொன்னவர்," என்றார். வாடிக்கையாளர் ஒருவர் உள்ளே வந்தார். அட்டை எடுத்துக் கொடுக்கத் திரும்பிவிட்டார். அதற்குமேல் அதைப் பற்றி அவர் என்னிடம் பேசியதில்லை. நானும் கேட்கவில்லை. அலுவலகப் பழக்கம்.

இரண்டு வாரத்தில் நோர்வேயிலிருந்து அழைப்பு வந்தது. ஏழு அல்ல, எட்டுத் தலைமுறை. அந்த மனிதர் ஒரு சந்தோஷத்தோடு சொன்னார் என்றுதான் எனக்குப் பட்டது. "அக்கா, எழுதிக்கொள்ளுங்கோ. மாப்பிள்ளையின்ரை ஆக்கள் காணிக்காரர் இல்லை. காணிக்காரன்ரை நிலத்திலை ஒரு மூலையிலை குடில் போட்டு, அவன்ரை வயல்லை வேலை செய்த குடியாக்கள். காணிக்கார வீட்டிலை பொம்பிளை எடுக்கேலாது. சேர்ச்சிலையும் பின் வரிசை வாங்கிலைதான் இருந்தவையாம். அந்தத் தம்பி கப்பலேறினதுக்கும் அதுதான் காரணம். விளங்குதோ?"

"விளங்குது."

"எழுதினீங்களோ?"

"எழுதிட்டன். அடுத்த ஆள் ஆர்?"

எரிக்கின் தகப்பனாருக்கு ஒரு வயதான அத்தை அந்த ஊரிலேயே தனியாக இருந்தார். எரிக்குக்கே அவர் உயிரோடு இருப்பது தெரியாது. விசாரிக்கப் போன அந்தத் தமிழர் அந்த அம்மாளுக்கு வாசலில் பனி தள்ளிக் கொடுத்து, ரொட்டி சுட்டுக் கொடுத்து, வீட்டு ஆளாகிவிட்டார்.

அயர்லாந்து கடினமாக இருந்தது. டப்ளினில் ஆவணக் காப்பகம் உள்நாட்டுச் சண்டையில் எரிந்ததால் பழைய குடிக்கணக்கு அநேகமாக இல்லை என்று நான் விளக்கினேன். "அந்த ஆவணக் கந்தோர் எரிஞ்சால் ஆக்களும் எரிஞ்சதோ? ஊரிலை கிழடுகள் இருக்கும், கேட்டால் சொல்லும்," என்றார். லிமெரிக்கில் பெற்றோல் நிலையம் ஒன்றில் வேலை செய்த யாழ்ப்பாணத்துக் கோண்டாவில்காரர் ஒருவர், ஞாயிற்றுக்கிழமைகளில் கிராமக் கோவில் வாசல்களில் நின்று கேட்டார். பாஸ்டனுக்குப் போன கிளை ஒன்றும் கிடைத்தது. எல்லாம் கிடைத்தது, ஓர் இடம் தவிர. எரிக்கின் தாயுடைய தாய், கல்யாணமாகாத பெண்களைச் சேர்த்துக்கொண்ட ஓர் இல்லத்தில் பிறந்தவர். பதிவில் தகப்பன் பெயர்க் கட்டம் வெறுமையாக இருந்தது.

நான் அதற்கு வழி வைத்திருந்தேன். பிரெஞ்சு முறையில் பிறப்புச் சான்றை மூன்று விதமாகக் கொடுக்கலாம். அதில் ஒன்று பெற்றோர் விவரம் இல்லாத சுருக்கம். சட்டப்படி செல்லும், பொய்யும் இல்லை. அதே மாதிரி இந்தத் தலைமுறைக்கும் ஒரு சுருக்கம் எழுதி வைத்துவிட்டால், எபினேக்காரர் கண்ணில் வெறுமை படாது.

"மிசியே, ஊரிலை எல்லா விசாரணையிலையும் இப்பிடி ஒண்டை மறைப்பினம். மறைக்கிறதுக்கெண்டே ஆக்கள் இருந்தவை. வெறுமையை வெறுமையாய் வையுங்கோ."

"அண்ணன் வரமாட்டார்."

"பாப்பம்."

எபினேக்குக் கோப்பைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். சாப்பாட்டு மேசையில் தேத்தண்ணியும் பகோடாவும் வைத்தார்கள். அண்ணன் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். முதலில் சிரிப்போடு, பிறகு சிரிப்பில்லாமல். இவர் இதைச் செய்து முடிப்பார் என்று அண்ணன் எதிர்பார்க்கவில்லை. குடியாக்கள் என்ற இடத்தில் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். வெறுமையில் விரலை வைத்தார்.

"இதென்ன?"

"தேப்பன் பேர் எழுதேல்லை."

"ஆரெண்டு தெரியாதோ?"

"தெரியாது."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். பாரம் இறங்கியவர்போல இருந்தார். "நான் ஏழு கேட்டனான். இந்தப் பக்கத்திலை மூண்டிலையே ஓட்டை விழுந்துபோச்சு. நான் எப்பிடிச் சபையிலை நிக்கிறது?"

"அண்ணை, எங்கடை பக்கம் ஏழு சொல்லுங்கோ பாப்பம்."

"எங்கடை பக்கமோ?"

"ஓம். சொல்லுங்கோ, மிசியே எழுதுவார்."

நான் பேனாவைத் திறந்தேன், வேண்டுமென்றேதான். அவர் அப்பா பெயரைச் சொன்னார். பாட்டனார் பெயரைச் சொன்னார். பூட்டனார் பெயரைச் சொல்லி, அதற்கு மேல் ஓர் உடையார் பட்டத்தைச் சொன்னார், பெயர் வரவில்லை. உள்ளே இருந்த மனைவியைப் பார்த்தார். மனைவி பகோடாத் தட்டைப் பார்த்தார்.

"ஊரிலை ஒரு வீடு விடாமல் என்னை அனுப்பி விசாரிச்சனீங்கள்," என்றார் இவர். "எங்கடை வீட்டை விசாரிக்க ஒருக்காலும் அனுப்பேல்லை."

"எங்களை ஏன் விசாரிக்கிறது?" என்றார் அண்ணன். கேலியில்லை, உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை.

இவர் கோப்பைக் கட்டினார். பேருந்து நிறுத்தத்தில் நான், "இதோட முடிஞ்சுது," என்றேன்.

"ஓம், முடிஞ்சுது. அவரிட்டை மூண்டுதான் இருக்கு. என்ரை மருமோனிட்டை தேப்பன் பக்கம் எட்டு. அவர் வந்து நிண்டால்தான் எங்களுக்குக் குறைவு."

தாரை வார்ப்பது யார் என்ற கேள்வி இருந்தது. அவரே செய்வதாகச் சொன்னார். கல்யாணம் நடத்த ஒப்புக்கொண்டிருந்த ஐயர் தயங்கினார். கணவனை இழந்த தாய், மணவறையில், தனியாக. வழக்கத்தில் இல்லையே அம்மா என்றார்.

"ஐயா, நீங்கள் எந்த ஊர்?" என்று கேட்டார் இவர், மிகவும் அமைதியாக.

ஐயர் அவரைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தார் போலும். பஞ்சாங்கத்தை எடுத்து, "நல்ல முகூர்த்தம் ஒண்டு பாப்பம்," என்றார்.

முதலில் மேரியில் பதிவு. இந்த நாட்டில் அதற்குப் பிறகுதான் எந்தச் சாமியும். அங்கே எரிக்கிடம் தலைமுறை ஏதும் கேட்கவில்லை. மூன்று மாதத்துக்குள் எடுத்த ஒரு காகிதம் கேட்டார்கள், கொடுத்தான். வந்த சனிக்கிழமை புறநகரில் ஒரு மண்டபத்தில் கல்யாணம். எபினேயிலிருந்து யாரும் வரவில்லை. எபினேக்குப் பயந்து வேறு சிலரும் வரவில்லை. பெண் வீட்டுப் பக்கத்து நாற்காலிகளில் இடைவெளி தெரிந்தது. கடைக்கு வந்து போகிறவர்கள், முகாமில் தாயைக் கண்டுபிடித்துக் கொடுக்கப்பட்ட ஓபெர்வில்லியேக்காரர், தெரு கூட்டும் மாலிக்காரர் குடும்பத்தோடு, நான்.

மாப்பிள்ளை வீட்டாரை வாசலில் பெண் வீட்டார் எதிர்கொள்ள வேண்டும். அவர் சந்தனக் கிண்ணமும் பன்னீர்ச் செம்பும் தட்டில் வைத்துக்கொண்டு நின்றார். சாலையில் ஒரு சிறிய பேருந்து நின்றது. நோர்வேயிலிருந்து, அயர்லாந்திலிருந்து, பாஸ்டனிலிருந்து, மின்னசோட்டா அம்மாளின் பேரப்பிள்ளைகள் வரை இருபத்துமூன்று பேர் இறங்கினார்கள். பாதிப்பேர் மற்றப் பாதியை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறார்கள். அவர்களுக்கு முன்னால், நரைத்த தலையும் கறுப்புக் கோட்டுமாக, அந்தக் கிழ அத்தையைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு ஒரு தமிழர் வந்தார். வாசற்படிக்கு வெளியே நின்றார்.

இவர் தட்டை ஏந்தியபடி, "நீங்கள் எங்கடை பக்கம் நிப்பியள் எண்டு நினைச்சனான்," என்றார்.

"இல்லை அக்கா. இந்த அன்ரி தன்ரை ஆளாய்க் கூட்டிவந்திருக்கிறா. நான் மாப்பிள்ளை வீடு."

"அப்ப வாங்கோ."

அவர் அசையவில்லை. "மாப்பிள்ளை வீடெண்டால் எங்களுக்கும் ஒரு விசாரணை இருக்கெல்லோ? பொம்பிளை வீட்டைப் பற்றி நாங்கள் இன்னும் ஒண்டும் கேக்கேல்லை." குரலில் சிரிப்பு இல்லை. நாதஸ்வரக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டுப் பார்த்தார். "பொம்பிளையின்ரை தாய் எப்பிடியான ஆள்?"

மண்டபத்தில் இருந்த தமிழர்கள் எல்லோருக்கும் அது கேட்டது. இவரும் எல்லோருக்கும் கேட்கும்படிதான் பதில் சொன்னார்.

"பொல்லாத மனுசி. சொந்தத் தங்கச்சியின்ரை கலியாணத்தைச் சாதி சொல்லிக் குழப்பினவள். பிழையெண்டு தெரிஞ்சுகொண்டு செய்தவள். ஊரிலை ஆரைக் கேட்டாலும் சொல்லுவினம். யோசிச்சுப்போட்டு, விருப்பமெண்டால் உள்ளுக்கு வாங்கோ."

அந்த மனிதர் கொஞ்ச நேரம் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். கிழவி அவர் முகத்தையும் இவர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு அவர் கையை நீட்டிச் சந்தனத்தைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டார். பின்னால் திரும்பி நோர்வே மொழியில் இரண்டு வார்த்தை சொன்னார்.

இருபத்துமூன்று பேரும் உள்ளே வந்தார்கள்.